உங்களுக்குத் தெரியுமா? – பழைய சிம்பொனி, புதிய கான்செர்ட்டோ

● மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ரா கச்சேரிகளில் கான்செர்ட்டோ (தனிவாத்தியமும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) பெரும்பாலும் இடைவேளைக்கு முன்பே முடிந்துவிடும். முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கான சிம்பொனி அதற்குப் பிறகுதான். கான்செர்ட்டோ இக்காலத்தவர் எழுதியதென்றால் இந்த வரிசை ரொம்ப வசதி. பீத்தோவன் சிம்பொனிக்காக டிக்கெட் வாங்கியவர் பாதியில் நழுவ முடியாது!

● அந்த பீத்தோவனும் ஒருகாலத்தில் 'புதுசு'தான். 1808 டிசம்பர் 22, வியன்னா. அவருடைய ஐந்தாம், ஆறாம் சிம்பொனிகள் இரண்டும் ஒரே இரவில் அரங்கேறின. நான்காம் பியானோ கான்செர்ட்டோவும் அன்றுதான் முதன்முதலாகப் பொதுமக்கள் முன் ஒலித்தது, வாசித்தவர் அவரே. நிகழ்ச்சி சுமார் நான்கு மணி நேரம் நீண்டது. அரங்கில் கடுங்குளிர். ஒத்திகையும் போதவில்லை. கடைசி உருப்படியில் வாத்தியங்கள் தடம் புரள, பீத்தோவன் பாதியில் நிறுத்தி மறுபடி தொடங்க வைத்தார். உலகப் புகழ்பெற்ற ஐந்தாம் சிம்பொனியின் முதல் மேடை இப்படி!

● ஆர்க்கெஸ்ட்ரா சுருதி சேர்ப்பது வழக்கமாக ஓபோ என்ற குழல்வாத்தியம் தரும் ஸ்வரத்தை வைத்து. பியானோ கான்செர்ட்டோ என்றால் பியானோ வைத்ததே சட்டம். மேடையில் அதன் சுருதியை மாற்ற நேரம் ஏது?

● சீன இசையமைப்பாளர் டான் டுன் 1998-இல் எழுதிய கான்செர்ட்டோவில் தனிவாத்தியம் தண்ணீர். பெரிய கிண்ணங்களில் நிரம்பிய நீரைக் கலைஞர் தட்டியும் அளைந்தும் வாசிப்பார்.

● ரவிசங்கரின் சிதார் கான்செர்ட்டோ 1971-இல் லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவுடன் அரங்கேறியது. தபலாவுக்கு ஜாகிர் உசேன் எழுதிய கான்செர்ட்டோ 'பேஷ்கார்' 2015-இல் மும்பையில்.

● பீத்தோவனின் வயலின் கான்செர்ட்டோவில், ஆர்க்கெஸ்ட்ரா ஓய்ந்து வயலின் மட்டும் ஒலிக்கும் பகுதியை அவர் எழுதி வைக்கவில்லை. 1970-களில் ரஷ்ய இசையமைப்பாளர் ஷ்னிட்கே அதை எழுதினார். பீத்தோவனுக்குப் பின் பிறந்த பிராம்ஸ், ஷோஸ்தகோவிச் இசையின் சாயல்களை அதில் நுழைத்தார். பழமை விரும்பிகளுக்குக் கோபம். எனக்கு அந்தக் குறும்பு பிடித்திருக்கிறது.

● 1778-இல் பாரிஸில் தன் சிம்பொனியை வாசிக்கும்போதே ரசிகர்கள் கைதட்டியதை மொஸார்ட் பூரிப்போடு அப்பாவுக்குக் கடிதமாக எழுதினார். முடிந்ததும் நேராக ஐஸ்கிரீம் சாப்பிடப் போனாராம்! இன்று நடுவில் தட்டினால் பக்கத்து இருக்கைக்காரர் முறைப்பார். ஆகவே, இசை நடத்துநர் கையைக் கீழே இறக்கும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.