கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு

பினாங்கில் ஜெலுத்தோங்கிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு ஷிப்டுக்குப் போய்வரும் குடும்பங்களில் ‘விஎஸ்எஸ்’ என்றால் விளக்கம் தேவையில்லை. தானாக முன்வந்து வேலையை விட்டால் மொத்தமாக ஒரு தொகை. வங்கிகளிலும் இது உண்டு. 2015இல் சிஐஎம்பி வங்கி கொண்டுவந்த இத்தகைய திட்டத்தில் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலுமாக 3,599 பேர் விலகினார்கள்.

தொகை பெரிதாகத் தெரியும். அது உண்மையிலேயே பெரிதுதானா?

கம்பெனியே ஆட்குறைப்புச் செய்தால், மலேசியாவின் 1980ஆம் ஆண்டு வேலைநீக்க, ஆட்குறைப்பு இழப்பீட்டு விதிகள் குறைந்தபட்ச இழப்பீட்டை வரையறுக்கின்றன. ஐந்தாண்டோ அதற்கு மேலோ வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். மாதம் 3,000 ரிங்கிட் வாங்கி 12 ஆண்டு உழைத்தவருக்கு ஏறத்தாழ 23,670 ரிங்கிட் வரும். மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

சிக்கல் இங்கேதான். தானாக விலகுகிறவருக்கு அந்த விதிகள் பொருந்தாது. அவருக்கு உள்ளதெல்லாம் கையெழுத்திட்ட ஒப்பந்தம் மட்டுமே. ஆகவே கம்பெனி தரும் தொகையை மேலே சொன்ன கணக்கோடு ஒப்பிடாமல் பேனாவைத் தொடுவது அசட்டுத்தனம்.

கம்பெனிக்கும் கட்டுப்பாடு உண்டு. விஎஸ்எஸ் அறிவிப்பதற்குக் குறைந்தது 30 நாள் முன்பே அதைத் தெரிவிக்கும் ‘பிகே’ பாரத்தைத் தொழிலாளர் இலாகாவில் கொடுத்தாக வேண்டும். அதைவிட முக்கியம், சம்மதம் உண்மையான சம்மதமாக இருக்க வேண்டும். “கையெழுத்துப் போடு, இல்லையென்றால் வேலை போய்விடும்” என்று மிரட்டி வாங்கிய விலகலை நீதிமன்றம் பணிநீக்கமாகவே பார்க்கும். அப்படிப் பாதிக்கப்பட்டவர் 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் புகார் செய்ய வேண்டும். அங்கே சமரசம் ஏற்படாவிட்டால் வழக்கு தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போகும். வென்றால், நிரந்தர ஊழியருக்கு அதிகபட்சம் 24 மாதச் சம்பளப் பாக்கி வரை கிடைக்கலாம். ஆனால் மிரட்டலை நிரூபிக்கும் பொறுப்பு ஊழியருடையது. வாய்ப்பேச்சு மட்டும் இருந்தால் கஷ்டம். வாட்ஸ்அப் செய்தி, மின்னஞ்சல் எதையும் அழிக்க வேண்டாம்.

வரியிலும் கவனம் வேண்டும். வேலை இழப்புக்கான இழப்பீடு என்றால், முழுமையான ஒவ்வொரு சேவை ஆண்டுக்கும் 10,000 ரிங்கிட் வரை வரி விலக்கு. கடந்தகாலச் சேவைக்கான வெகுமதி என்று கருதப்படும் பணத்துக்கு இந்த விலக்கு இல்லை. கடிதத்தில் தொகை எந்தப் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

விஎஸ்எஸ்ஸில் போனவருக்குச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் ஒன்றும் கிடைக்காது என்று பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். தவறு. சொக்சோவின் கீழ் 2018இல் தொடங்கிய வேலைக் காப்புறுதித் திட்டத்தில் அவர்களும் விண்ணப்பிக்கலாம். அதற்கும் கெடு 60 நாள்தான்.