கரிசல் காட்டில் சைக்கிள் சவாரி

அமெரிக்காவில் கான்ஸாஸ் என்று ஒரு ராஜ்யம் இருக்கிறது. மாடு மேய்கிற புல்வெளியும் கோதுமை வயலுமாகப் பரந்து கிடக்கும் பூமி. அங்கே எம்போரியா என்ற சின்ன ஊரில் 2006-ம் வருஷம் சில பேர் கூடி ஒரு காரியம் செய்தார்கள். தார் ரஸ்தாவை விட்டுவிட்டு, பண்ணைகளுக்கு நடுவே போகும் சரளைக்கல் பாதையிலேயே 200 மைல் சைக்கிள் ஓட்டுவதென்று பந்தயம் வைத்தார்கள். முதல் வருஷம் வந்தவர்கள் ஐம்பது பேர்கூட இல்லை. இப்போதோ ஆயிரக் கணக்கில் வந்து கூடுகிறார்கள். "கிராவல் சவாரி" என்று இதற்குப் பெயர். இதற்கென்று தனி சைக்கிள், தனி டயர், தனிச் சட்டை! விலை என்ன என்று கேட்டு விடாதீர்கள். நம் ஊர்க் கணக்கில் லட்ச ரூபாயைத் தாண்டுகிற வண்டிகளும் உண்டு.

அருப்புக்கோட்டைப் பக்கத்துச் சம்சாரி ஒருவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். "கிராவலா? அதான் லாரியிலே கொண்டாந்து கொட்டறாங்களே!" என்பார். அந்த வார்த்தை அவருக்குப் புதிதல்ல. ரோடு காண்டிராக்டர்கள் தயவில் பட்டிதொட்டியெல்லாம் பரவிய வார்த்தை அது. வார்த்தை மட்டுமா? அந்த சைக்கிளும்கூடப் புதிதல்ல என்பேன் நான்.

எப்படி என்கிறீர்களா? மேல்நாட்டுக் கிராவல் சைக்கிளின் டயர் அகலம் சாதாரணமாக 40 மில்லிமீட்டர் இருக்கும். கல்லும் மணலும் உள்ள பாதையில் சக்கரம் புதையாமலும் வழுக்காமலும் போக அந்த அகலம் வேண்டியிருக்கிறது. நம் தாத்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டினாரே, அந்தக் கறுப்பு சைக்கிளின் டயர் எவ்வளவு தெரியுமா? "28 இன்ட்டூ ஒன்றரை" என்று கடையில் கேட்டு வாங்குவோம். ஒன்றரை அங்குலம் என்றால் ஏறக்குறைய அதே அளவுதான்! சென்னை அம்பத்தூரில் டி.ஐ. கம்பெனி 1949-ல் ஆரம்பித்து ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்து அனுப்பினபோது, நம் கிராமங்களில் தார் ரோடு ஏது? கரடுமுரடான பாதைக்கென்றே பிறந்த வண்டி அது. கனம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி.

ஆக, வண்டி இருக்கிறது. பாதையும் இருக்கிறதா?

அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே திருச்சுழிக்கு நேர் ரோட்டில் போனால் சுமார் பதினைந்து கிலோமீட்டர். கண்மாய்க் கரை, வண்டிப் பாதை, செம்மண் சாலை என்று சுற்றிக்கொண்டு போனால் இன்னும் ஐந்தாறு கூடும். அந்தச் சுற்றுவழியில்தான் சுவாரஸ்யம். இந்தச் சீமை பார்வைக்குத் தட்டையாக இருக்கும். ஆனால் சைக்கிளில் போகிறவருக்குத் தெரியும், இது தட்டையல்ல என்று. நிலம் மேற்கிலிருந்து கிழக்கே, கடலை நோக்கி, மெல்ல மெல்லச் சரிந்துகொண்டே போகிறது. அந்தச் சரிவைக் கண்டுபிடித்த முன்னோர்கள், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகக் கண்மாய்களை வெட்டி வைத்தார்கள். மேல் கண்மாய் நிரம்பினால் மறுகால் பாய்ந்து கீழ்க் கண்மாய்க்குப் போகும். சங்கிலி மாதிரி ஏற்பாடு. ஆகவே சைக்கிள்காரருக்கு ஏற்றம் என்றால் கண்மாய்க் கரை ஏற்றந்தான். எழுந்து நின்று நாலு மிதி மிதித்தால் கரை மேல் இருப்பீர்கள். ஒரு பக்கம் நீர் (மழை பெய்திருந்தால்!), மறுபக்கம் வயல். வரிசையாகப் பனைமரங்கள். அப்புறம் மிதிக்காமலே இறங்கலாம்.

எப்போது போவது என்பதுதான் முக்கியம். வருஷத்தில் இங்கே பெய்வதே சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வந்துவிடும். அந்த மாதங்களில் கரிசல் மண்ணுக்குள் சைக்கிளை விடுவது புத்திசாலித்தனமல்ல. நனைந்த கரிசல் அல்வா மாதிரி. சக்கரத்தில் அப்பி, மட்கார்டுக்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும். பத்தடிக்கு ஒரு தரம் இறங்கிக் குச்சியால் நோண்டவேண்டும். கடைசியில் சைக்கிள் உங்களைச் சுமக்காது. நீங்கள்தான் அதைச் சுமப்பீர்கள். சித்திரை, வைகாசியில் அதே மண் கால் நுழைகிற அளவு வெடித்துக் கிடக்கும். ஆடியிலோ மேல்காற்று. போகும்போது முதுகில் கைவைத்துத் தள்ளிவிடுகிற அதே காற்று, திரும்பும்போது நெஞ்சில் கைவைத்து நிறுத்தும்.

தை, மாசிதான் லாயக்கு. அப்போது சோளமும் கம்பும் அறுவடையாகிக்கொண்டிருக்கும். பருத்தி வெடித்திருக்கும். கொத்துமல்லிக் காட்டைக் கடந்து போகும்போது வரும் வாசனை இருக்கிறதே, அதைக் காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறவர்கள் அறியமாட்டார்கள். இன்னும் கொஞ்ச நாள் போனால் களத்தில் குண்டு மிளகாய் சிவப்புக் கம்பளமாகக் காயும். ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். உங்கள் வீட்டு வற்றல் குழம்பில் மிதப்பது ஒருவேளை அதுவாகவும் இருக்கலாம்.

ஒரே ஒரு சத்துரு உண்டு: முள். விறகுக்காகக் கொண்டுவந்து பரப்பிய சீமைக் கருவேலம் இன்று தரிசு, ஓடை, கண்மாய் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஏழைகள் அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கிப் பிழைக்கிறார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் வெட்டிய முள் பாதையில் கிடந்தால் டயர் தாங்காது. கான்ஸாஸில் சக்கிமுக்கிக் கல் டயரைக் கிழிக்கிறதாம். அதற்காக டியூபே இல்லாத டயருக்குள் ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம் விடுகிறார்கள். நமக்குத் தண்ணீர்த் தொட்டி, உப்புத்தாள், சொல்யூஷன், ஒரு ரப்பர்த் துண்டு போதும். டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பெண்கள் இதைக் கற்றுக்கொள்ளக்கூடாது என்று எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை.

திருச்சுழியில் குண்டாறு உங்களை வரவேற்கும். பெரும்பாலும் மணலாகத்தான் வரவேற்கும். பிரளய வெள்ளத்தைச் சிவபெருமான் சூலத்தால் பூமியைக் குத்தி, சுழித்து உள்ளே போகச் செய்தார். அதனால் ஊருக்குச் சுழி என்று பெயர் வந்தது என்பது ஸ்தலபுராணம். தண்ணீருக்குத் தவிக்கும் சீமையில் வெள்ளத்தின் பெயரால் ஓர் ஊர்! சுந்தரர் பாடிய திருமேனிநாதர் கோயில் இங்கே இருக்கிறது. 1879 டிசம்பர் 30-ல் ரமண மகரிஷி பிறந்த வீடும் இந்த ஊரில்தான். சுந்தர மந்திரம் என்று அதைப் போற்றி வருகிறார்கள். காவிரியையும் வைகையையும் குண்டாற்றோடு இணைக்க 2021-ல் அடிக்கல் நாட்டினார்கள். கால்வாய் வந்து நீர் ஓடினால், கரையோரப் பாதை இன்னும் அழகாக இருக்கும்.

"இதெல்லாம் ஆண்பிள்ளைகளுக்குச் சரி, எங்களுக்கு ஏன்?" என்று கேட்கிறீர்களா? புதுக்கோட்டையைக் கேளுங்கள். அதுவும் இதைப்போல வானம் பார்த்த பூமிதான். 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்பித்தார்கள். கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன்னின்றார். 1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்கள் மணியடித்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள். கல்லுடைக்கிறவர்கள், கூலி வேலைக்காரிகள், நர்ஸுகள் என்று பல்லாயிரம் பேர் கற்றார்கள். பெண்கள் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாமே! பஸ்ஸுக்காகக் காத்துக் கிடந்த நேரமும், "கொஞ்சம் கொண்டுபோய் விடுங்களேன்" என்று வீட்டு ஆண்களைக் கெஞ்சின நேரமும் மிச்சமாயின. அவர்கள் போன பாதைகளில் அநேகம் சரளைப் பாதைகள்தான். கிராவல் சவாரி என்று யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

2001-ல் ஆரம்பித்து நம் சர்க்கார் பள்ளி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுத்து வருகிறது. முதலில் ஆதி திராவிட, பழங்குடிப் பெண்களுக்கு. பிறகு 2005 முதல் எல்லோருக்கும். பிளஸ் டூ முடிகிறவரை அந்த வண்டி ஓடுகிறது. அப்புறம்? பெண்ணுக்குக் கல்யாணம்; சைக்கிளுக்கு மாட்டுக் கொட்டகை. அல்லது தம்பி எடுத்துக்கொள்கிறான். ஓட்டத் தெரிந்தவளைப் பின்சீட்டில் உட்கார வைப்பது என்ன நியாயமோ, எனக்குப் புரியவில்லை.

உங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியிலும் ஒன்று நிற்கிறதல்லவா? டயருக்குக் காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோழியோடு கிளம்புங்கள். காற்றை ரொம்ப இறுக்கமாக அடிக்கவேண்டாம். சரளையில் தூக்கிப் போடும். இரண்டு பாட்டில் தண்ணீர், பம்ப், பஞ்சர்ச் சாமான், ஒரு பொட்டலம் புளியோதரை. காலை ஆறு மணிக்கு அருப்புக்கோட்டையை விட்டால், வெயில் ஏறுமுன் குண்டாற்றங்கரையில் அதை அவிழ்க்கலாம்.