பிள்ளை தேறிவிட்டதும் மருந்தை நிறுத்தலாமா?

"குழந்தைக்கு இரத்தப் புற்றுநோய்" என்று மருத்துவர் கூறக் கேட்டதும் பெற்றோர் இடிந்துபோகின்றனர். மருத்துவமனையில் ஒரு மாத காலம் சிகிச்சை நடைபெறுகிறது. காய்ச்சல் தணிகிறது, வெளுத்த முகத்தில் செம்மை திரும்புகிறது, குழந்தை ஓடியாடத் தொடங்குகிறது. "சோதனையில் நோய் தென்படவில்லை" என்ற நற்செய்தியும் கிடைக்கிறது. அப்பொழுது பெற்றோர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பு: "பிள்ளைதான் தேறிவிட்டதே, இனியும் பால்வெட்டு வேலையை விட்டுவிட்டுப் பட்டணத்து மருத்துவமனைக்கு அலைய வேண்டுமா?"

அலையத்தான் வேண்டும். அதன் காரணத்தை அறிந்துகொள்வோம்.

நம் இரத்த அணுக்கள் எலும்பினுள் இருக்கும் மச்சையில் உற்பத்தியாகின்றன. செவ்வணுக்கள் பிராணவாயுவை ஏந்திச் செல்கின்றன. வெள்ளணுக்கள் நோய்க்கிருமிகளை எதிர்க்கின்றன. தட்டணுக்கள் இரத்தப் பெருக்கை நிறுத்துகின்றன. இரத்தப் புற்றுநோயிலோ, முதிர்ச்சியடையாத வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி மச்சையை அடைத்துக்கொள்கின்றன. நல்ல அணுக்கள் தோன்ற இடமில்லாமற் போகிறது. அதனால் உடல் வெளுக்கிறது, காய்ச்சல் நீடிக்கிறது, அடிபடாமலே தோல் கன்றிப்போகிறது, ஈறுகளில் இரத்தம் கசிகிறது, எலும்புகள் வலிக்கின்றன. டெங்கிக் காய்ச்சலிலும் தட்டணுக்கள் குறைவதுண்டு. ஆகவே, வெளித்தோற்றத்தைக் கொண்டு எதையும் முடிவு செய்தல் கூடாது. இரத்தத்தையும், இடுப்பெலும்பிலிருந்து எடுக்கப்படும் மச்சையையும் சோதித்தே மருத்துவர்கள் இந்நோயை உறுதி செய்கின்றனர். இது தொற்றுநோய் அன்று. எவருடைய பாவத்தின் பயனும் அன்று.

நோய் கண்டறியப்படும் வேளையில் உடலில் ஏறத்தாழ ஓர் இலட்சம் கோடி புற்றணுக்கள் இருக்கக்கூடும். முதல் மாதச் சிகிச்சை அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கை அழித்துவிட்டதாகவே கொள்வோம். எஞ்சும் ஒரு பங்கு எவ்வளவு? ஆயிரம் கோடி! தோட்டத்தில் லாலாங் புல்லை வெட்டிய அனுபவம் நமக்கு உண்டு. மேற்புல்லை வெட்டியதும் நிலம் வெறுமையாகத் தோன்றும். மண்ணுக்கடியில் ஓடும் வேர்த்தண்டோ உயிரோடிருந்து, சில வாரங்களில் மீண்டும் முளைவிடும். இரத்தப் புற்றுநோயும் அத்தகையதே. மறைந்து கிடக்கும் அணுக்களையும் அழிப்பதற்காகவே குழந்தைகளுக்கான சிகிச்சை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கிறது.

மூளையைச் சுற்றிலும் புற்றணுக்கள் ஒளிந்துகொள்ளக்கூடும் என்பதால், முதுகுத்தண்டு நீரிலும் மருந்து செலுத்தப்படுகிறது. பிந்திய மாதங்களில் பெரும்பாலான மருந்துகளை வீட்டிலேயே உட்கொள்ளலாம். மெர்காப்டோபூரின் மாத்திரை நாள்தோறும் தரப்படுவது. மெத்தோட்ரெக்சேட் வாரத்திற்கு ஒரு முறை மட்டுமே தரப்படுவது. வார மருந்தைத் தவறுதலாக நாள்தோறும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்பதை நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இம்மருந்து உருவாவதற்குப் பெரும்பங்காற்றிய விஞ்ஞானி எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தியாகும்.

மற்றொன்றையும் மறவாதீர். இம்மருந்துகள் புற்றணுக்களோடு நல்ல வெள்ளணுக்களையும் குறைத்துவிடுகின்றன. அந்நிலையில் சாதாரணக் கிருமியும் சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடும். உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸை எட்டினால், "விடியட்டும்" என்றோ, "சம்பளம் வரட்டும்" என்றோ காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். "என் பிள்ளை புற்றுநோய் மருந்து உட்கொள்கிறது" என்று முதலிலேயே கூறிச் சிகிச்சைப் புத்தகத்தைக் காட்டுங்கள். மருத்துவரைக் கேளாமல் ஆஸ்பிரினோ நாட்டு மருந்தோ கொடுக்காதீர்கள்.

கோலாலம்பூர் துங்கு அசிசா மருத்துவமனை, பினாங்கு மருத்துவமனை, ஜொகூர் பாரு சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை போன்ற இடங்களில் குழந்தைகளுக்கும், அம்பாங் மருத்துவமனையில் பெரியவர்களுக்கும் இத்தகைய சிகிச்சை அளிக்கப்படுகிறது. பயணச் செலவோ மருந்துச் செலவோ தடையாக இருந்தால், மௌனமாக விலகிவிடாமல், மருத்துவமனையின் சமூகநலப் பணியாளரிடம் எடுத்துரையுங்கள். உதவி பெறும் வழியைக் காட்டுவது அவர்தம் கடமை. அண்டை வீட்டாரும் துணை நிற்கலாம்: மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம், இரத்த தானம் செய்யலாம். தானமாகக் கிடைக்கும் தட்டணுக்களைச் சில நாள்களே பாதுகாத்து வைக்க முடியும் என்பதால், அதன் தேவை என்றும் தீர்வதில்லை.

மலேசியாவும் சிங்கப்பூரும் இணைந்து நடத்திய 'மா-ஸ்போர் 2003' என்னும் சிகிச்சை ஆய்வில், குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் இரத்தப் புற்றுநோய்க்கு ஆளானோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பேர், ஆறாண்டுகளுக்குப் பின்னும் நோய் திரும்பாமல் வாழ்ந்தனர். முகத்தில் தெளிவு கண்டதும் சிகிச்சையை நிறுத்தாதீர்கள். மருத்துவர் "போதும்" என்று கூறும் நாள்வரை பொறுத்திருங்கள். அந்தப் பொறுமையே உங்கள் குழந்தைக்கு உயிர்க்காப்பு.