ஒரு மணி நேரம் 20 ரூபா!

கும்மிடிப்பூண்டி லோக்கல்ல எப்பவாவது கடைசி வரைக்கும் வந்திருக்கீங்களா பாஸ்? எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி எல்லாம் தாண்டி, கவரைப்பேட்டையில காலேஜ் கோஷ்டி இறங்கின பிறகு, சிப்காட் ஷிஃப்ட்டுக்குப் போறவங்க மட்டும் மிச்சம் இருப்பாங்க. அப்போ பெட்டிக்குள்ள ஒரு ரவுண்டு பார்வையைச் சுத்த விடுங்க. பாதிப் பேர் செல்லைப் படுக்க வெச்சுப் பிடிச்சு, ரெண்டு கட்டைவிரலாலயும் யாரையோ சுட்டுத் தள்ளிக்கிட்டு இருப்பாங்க. பைசா செலவு கிடையாது. டவர் போனா மட்டும் "ச்சே!"னு ஒரு சத்தம் கேட்கும்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால இந்த சுகம் வேணும்னா பாக்கெட்ல 20 ரூபா இருக்கணும். ஸ்டேஷன்லேர்ந்து நடக்கிற தூரத்துல, பாதி ஷட்டர் இறக்கின ஒரு கடைக்குள்ள குனிஞ்சு போகணும். உங்க ஊர்லயும் ஒண்ணு இருந்திருக்கும். திருவள்ளூரோ திருச்சியோ, செட்டப் ஒண்ணுதான். மூணு டப்பா டி.வி., மூணு பி.எஸ் 2, ரப்பர் கழண்ட ரிமோட், பக்கத்து மெஸ்ஸோட சாம்பார் வாசனை. 'யூனிஃபார்மோடு வராதீர்'னு சுவத்துல ஓர் அட்டை வேற! நாங்க ஸ்கூல் சட்டைக்கு மேல டி-ஷர்ட் மாட்டிக்கிட்டுப் போவோம். காலர் வெளிய தெரியும். கடைக்கார அண்ணன் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பார். பிசினஸ் ஆச்சே!

எட்டுப் பேருக்கு ஒரு கார்டு

பி.எஸ் 2 லேசுப்பட்ட ஐட்டம் இல்லை. 2000-ல் ஜப்பானில் வெளியாகி, 16 கோடிக்கும் மேல் விற்றுத் தீர்த்த மெஷின். ஆனா, விளையாடினதை ஞாபகம் வெச்சுக்க அதுக்குத் தனியா ஒரு மெமரி கார்டு வேணும். சோனியோட கார்டு வெறும் 8 எம்.பி.! இன்னிக்கு நீங்க எடுக்கிற ரெண்டு போட்டோ அதுல அடங்காது.

எங்க கடையில எல்லாருக்கும் பொதுவா ஒரே ஒரு கார்டு. 2004-ல் வந்த 'ஜி.டி.ஏ. சான் ஆண்ட்ரியாஸ்'தான் ஹாட் கேக். அதுல எட்டு ஸ்லாட்லதான் சேவ் பண்ண முடியும். அதனால, கடைக்கார அண்ணன் ஒரு கோடு போட்ட நோட்டுல எட்டு ரெகுலர் கஸ்டமர் பேரை எழுதி, ஆளுக்கு ஒரு நம்பர் ஒதுக்கியிருந்தார். ரேஷன் கார்டு கணக்கா! அடுத்தவன் ஸ்லாட்ல தெரியாம சேவ் பண்ணிட்டா, அவ்வளவுதான். அவனோட ரெண்டு மாச சம்பாத்தியம் காலி. அதுக்காக ஸ்டேஷன் ரோட்டுல சட்டை கிழிஞ்ச சம்பவமெல்லாம் உண்டு.

என் பெரியம்மா பையனுக்கு அஞ்சாம் நம்பர். அப்போதான் சிப்காட்ல ஒரு கம்பெனியில டிரெய்னியா சேர்ந்திருந்தார். ஷிஃப்ட் முடிஞ்சு, ஷூவைக்கூடக் கழட்டாம நேரா கடைக்கு வருவார். எனக்கு எட்டு வயசு. பக்கத்துல உட்கார்ந்து வேடிக்கை பார்க்க ஃப்ரீ.

அண்ணன் ஒரு மிஷன்ல மாட்டிக்கிட்டார். 'ராங் சைட் ஆஃப் த ட்ராக்ஸ்'. சான் ஆண்ட்ரியாஸ் ஆடினவங்களுக்கு இந்தப் பேரைக் கேட்டாலே பல்லு கடிக்கத் தோணும். ரயில் மேல நாலு பேர் நிப்பாங்க. நீங்க பைக்ல துரத்தணும், பின்னாடி உட்கார்ந்திருக்கிற குண்டு ஆசாமி பிக் ஸ்மோக் சுடணும். அந்த ஆள் சுட்டுத் தொலைக்கவே மாட்டார்! ரயில் போயே போயிடும். திரும்ப முதல்லேர்ந்து. இடையில கரண்ட் கட் ஆனாலும் முதல்லேர்ந்து. ஒரு மணி நேரம் முடிஞ்சா ரிமோட்டை வெச்சுட்டுக் கிளம்பணும். கும்மிடிப்பூண்டியில உட்கார்ந்துகிட்டு ரயிலை விட்டதுக்கு அண்ணன் அழுத காசு எவ்வளவுன்னு அவரே கணக்கு வெச்சுக்கலை.

ஊதினா ஓடுமா?

அண்ணனைக் கேட்டா, "இதெல்லாம் லேட்டுடா. அதுக்கு முன்னாடி கேசட் காலம்"னு ஆரம்பிப்பார். 2000-களோட தொடக்கத்துல மஞ்சள் கலர் கேசட்டைச் சொருகுற டி.வி. கேம்தான் வீட்டுக்கு வீடு. ஜப்பான்ல நின்டெண்டோ 1983-ல விட்ட 'ஃபேமிகாம்' மெஷினோட காப்பி அது. நம்ம ஊருக்கு சாமுராய், டெர்மினேட்டர்னு விதவிதமான பேர்ல வந்துச்சு. கேசட் மேல '9999 இன் 1'னு போட்டிருக்கும். உள்ளே இருக்கிறது பத்துப் பதினைஞ்சு கேம். மிச்சமெல்லாம் அதே கேம் வேற வேற பேர்ல. சில காலேஜ் ப்ராஸ்பெக்டஸ் ஞாபகம் வருதா? எனக்கும்தான்!

ஆடி முடிச்ச கேசட்டைக் கடையில குடுத்து, மேல பத்து ரூபா வெச்சா வேற கேசட். வாடகைதான், பேர் மட்டும் 'எக்ஸ்சேஞ்ச்'. ஒரே கேசட் தெரு முழுக்கச் சுத்தும். கூடவே ரகசியங்களும் சுத்தும். 'கான்ட்ரா'வுல 30 உயிர் வாங்குற பட்டன் வரிசையை, இன்டர்நெட்டே பார்க்காத பசங்க மனப்பாடமா வெச்சிருந்தாங்க. எல்லாம் முன்னாடி வாடகைக்கு எடுத்தவன் சொல்லிக் குடுத்தது.

கேசட் ஓடலைன்னா? அதே வைத்தியம்தான்... ஃபூ! எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறவன்கிற முறையில ஒரு உண்மையைச் சொல்லிடறேன். ஊதினதால அது ஓடலை. கழட்டித் திரும்பச் சொருகும்போது பின் சரியா உட்கார்ந்ததுதான் காரணம். ஊதினப்போ போன ஈரம் காண்டாக்டைத் துருப்பிடிக்கத்தான் வெச்சிருக்கும். வாத்துச் சுடுற துப்பாக்கி இன்னிக்கு வீட்டு எல்.இ.டி. டி.வி.யில ஏன் வேலை செய்யாதுன்னும் கேட்டுக்கோங்க. ட்ரிகரை அழுத்தின நொடியில திரை கறுப்பாகி, வாத்து இருக்கிற இடம் மட்டும் வெள்ளையா மின்னும். அந்த வெளிச்சத்தைத்தான் துப்பாக்கி பிடிக்குது. பழைய டியூப் டி.வி. அதை உடனுக்குடன் காட்டும். எல்.இ.டி. கொஞ்சம் யோசிச்சுட்டுக் காட்டும். அந்த கேப்புல வாத்து எஸ்கேப்!

வாடகைக்குப் பயந்த சிங்கம்

இந்த வாடகை விவகாரம் நம்ம ஊரோட முடியலை. அமெரிக்காவில் 1990-ல் ஒரு சட்டம் போட்டு, கம்ப்யூட்டர் சாஃப்ட்வேரை வாடகைக்கு விடக் கூடாது என்றார்கள். ஆனா, வீடியோ கேம் மெஷின்ல ஆடுற கேமுக்கு மட்டும் விலக்கு குடுத்துட்டாங்க. பிளாக்பஸ்டர் என்கிற வாடகைக் கடைக்கு அதனால செம அறுவடை. கேம் கம்பெனிகளுக்கு வயித்தெரிச்சல். 1994-ல் வந்த 'லயன் கிங்' கேமோட ரெண்டாவது லெவல் ஏன் அவ்வளவு கொடூரமா இருக்கும் தெரியுமா? சனி, ஞாயிறு வாடகைக்கு எடுத்துட்டுப் போறவன் ரெண்டே நாள்ல முடிச்சுத் திருப்பிக் குடுத்துடக் கூடாதுன்னு டிஸ்னி கேட்டுக்கிட்டதாக, அதை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான லூயிஸ் காஸில் பின்னாளில் சொன்னார்.

இந்தியாவில் கதை வேற. நம்ம காப்புரிமைச் சட்டத்தின் 14-ம் பிரிவுப்படி, கம்ப்யூட்டர் புரோகிராமை வியாபாரமா வாடகைக்கு விடுற உரிமை அதன் சொந்தக்காரருக்குத்தான். அப்படின்னா எங்க கடை? ஹி... ஹி... அங்கே இருந்த டிஸ்க் எல்லாமே மார்க்கர் பேனாவால பேர் எழுதினது. ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கும் பர்மா பஜாருக்கும்தான் வெளிச்சம். அந்தக் கடையைக் கோயில்னு கும்பிடறதுக்கு முன்னாடி இதையும் ஒத்துக்கிட்டாகணும்.

2016 செப்டம்பர்ல ஜியோ வந்துச்சு. டேட்டா ஓசி. கடையில முதல்ல ஒரு டி.வி. அணைஞ்சுது, அப்புறம் இன்னொண்ணு. அடுத்த வருஷம் செல்போன் சர்வீஸ் போர்டு மாட்டிட்டாங்க. காலி பண்ற அன்னிக்குக் கடைக்கார அண்ணன் அந்த மெமரி கார்டை எங்க அண்ணன் கையில குடுத்து, "இதை வெச்சு நான் என்ன பண்றது? நீயே வெச்சுக்கப்பா"ன்னார்.

இப்போ மட்டும் சொந்தமா?

சரி, இன்னிக்கு நிலவரத்துக்கு வருவோம். புது பி.எஸ் 5 கேம் ஒண்ணு வாங்கணும்னா 5,000 ரூபாய் கிட்ட ஆகுது. நம்ம மெஸ் பில்லைவிட ஜாஸ்தி. அதனால பலரும் போற ரூட் மாசச் சந்தா. எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் 2017-ல் ஆரம்பிச்சது. சோனியும் தன்னோட பி.எஸ். பிளஸ்ஸை 2022-ல் இதே பாணிக்கு மாத்திருச்சு. மாசம் காசு கட்டினா நூத்துக்கணக்குல கேம்.

ஆனா, 'ஜி.டி.ஏ. 5' கதையைக் கேளுங்க. 2020 ஜனவரியில கேம் பாஸுக்கு வந்துச்சு, மே மாசம் போச்சு. 2021 ஏப்ரல்ல வந்துச்சு, ஆகஸ்ட்ல போச்சு. 2023 ஜூலையில வந்து 2024 ஜனவரியில போய், திரும்ப 2025 ஏப்ரல்ல வந்துச்சு! "அந்த கேசட் வெளிய போயிருக்கு, நாளைக்கு வா தம்பி"ங்கிற அதே கதைதான்.

இதுல லேட்டஸ்ட், கிளவுட் கேமிங். 2025 நவம்பர்ல எக்ஸ்பாக்ஸ் இதை இந்தியாவுக்கும் கொண்டு வந்தது. கேம் ஓடுற மெஷின் எங்கேயோ ஒரு டேட்டா சென்டர்ல இருக்கும். படம் மட்டும் நெட் வழியா உங்க திரைக்கு வரும். மெஷின் அவங்க இடத்துல, ரிமோட் மட்டும் நம்ம கையில. இதைத்தானே எங்க ஸ்டேஷன் ரோட்டுல 20 ரூபாய்க்குக் குடுத்தாங்க? கரண்ட் கட்டுக்குப் பதிலா இப்போ பிங். அவ்வளவுதான் வித்தியாசம்.

"நான் காசு குடுத்து வாங்கியே வெச்சிருக்கேன்"னு காலரைத் தூக்குறீங்களா? கொஞ்சம் இறக்குங்க. நம்ம சான் ஆண்ட்ரியாஸையே எடுத்துக்குவோம். பாட்டுக்கான லைசென்ஸ் முடிஞ்சுபோனதால, 2014 நவம்பர்ல ஒரு அப்டேட்ல ஸ்டீம் பதிப்போட ரேடியோவுலேர்ந்து பல பாட்டுகளை உருவிட்டாங்க. 2021-ல் புதுசா 'டெஃபினிட்டிவ் எடிஷன்' விடப்போறோம்னு பழைய பதிப்பை ஆன்லைன் கடைகள்லேர்ந்தே எடுத்தாங்க. புதுசு ஒரே பிழையா இருக்க, ஊரே கழுவி ஊத்த, மன்னிப்புக் கேட்டுப் பழைய பி.சி. பதிப்பைத் திரும்ப விற்பனைக்கு வெச்சாங்க. 2024-லேர்ந்து ஸ்டீம்லயே பில் போடும்போது பாருங்க... நீங்க வாங்குறது கேம் இல்லை, லைசென்ஸ்தான்னு எழுதியிருக்கும். நோட்டுல பேர் எழுதி வெச்ச கடைக்கார அண்ணன், 'இது உன்னுதில்லை'ன்னு முதல் நாளே மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டார். இவங்களுக்கு அதைச் சொல்ல இவ்வளவு வருஷம் ஆச்சு.

எனக்கு உறுத்துறது சொந்தமா, வாடகையாங்கிறதுகூட இல்லை. அடுத்தவன் கையில குடுக்க முடியுமாங்கிறதுதான். 2013-ல் மைக்ரோசாஃப்ட், எக்ஸ்பாக்ஸ் ஒன் மெஷின்ல பழைய டிஸ்க்கைக் கைமாத்துறதுக்குக் கட்டுப்பாடு கொண்டுவரப் பார்த்தது. உடனே சோனிக்காரங்க அரை நிமிஷம்கூட ஓடாத ஒரு வீடியோ விட்டாங்க. தலைப்பு, 'பி.எஸ் 4-ல் கேமைப் பகிர்ந்துகொள்வது எப்படி' ரேஞ்சுல இருக்கும். ஒருத்தர் டிஸ்க்கை நீட்டுவார், இன்னொருத்தர் வாங்கிக்கிட்டு "தேங்க்ஸ்"ம்பார். முடிஞ்சுது! மைக்ரோசாஃப்ட் அதே மாசம் பின்வாங்கிடுச்சு. ஆனா பாருங்க, அதே சோனி பி.எஸ் 5-ஐ டிஸ்க் போடற துளையே இல்லாம ஒரு மாடல்லயும் விடுது. விலை கம்மிங்கிறதால ஹாஸ்டல் பசங்க அதைத்தான் முதல்ல பார்ப்பாங்க. வாங்கறதுக்கு முன்னாடி யோசிங்க. தனியா டிஸ்க் டிரைவ் வாங்கி மாட்டலைன்னா, அதுல ஃப்ரெண்டுகிட்ட டிஸ்க் கடன் வாங்க முடியாது, ஆடி முடிச்சதை செகண்ட் ஹேண்ட்ல தள்ளவும் முடியாது.

பர்ஸ் காலியா இருக்கிற நமக்கு வழியே இல்லையான்னா, இருக்கு. எபிக் கடையில 2018 டிசம்பர்லேர்ந்து ஓசியா கேம் குடுத்துக்கிட்டே இருக்காங்க. வாரா வாரம் எட்டிப் பார்த்தா, ஆடி முடிக்க முடியாத அளவுக்குச் சேர்ந்துடும். ஸ்டீம்ல 'ஃபேமிலிஸ்' வசதி 2024-ல் வந்துச்சு. ஒரே வீட்டுல இருக்கிற ஆறு பேர் வரைக்கும் ஒருத்தர் கேமை ஒருத்தர் ஆடலாம். (ஹாஸ்டல் ரூம் ஒரே வீடான்னு கேட்காதீங்க. இல்லையாம்.) ஜி.ஓ.ஜி. கடையில வாங்கினா, முழு கேமையும் ஆஃப்லைன் இன்ஸ்டாலரா இறக்கி ஹார்ட் டிஸ்க்ல பத்திரமா வெச்சுக்கலாம். நாளைக்குக் கடையிலேர்ந்து தூக்கினாலும் உங்க காப்பி உங்ககிட்ட இருக்கும். என் ஓட்டு அதுக்குத்தான்.

ஸ்லாட் நம்பர் 5

அந்த மெமரி கார்டு என்னாச்சுன்னு கேட்கலையே? பெரியம்மா வீட்டு அலமாரியில, பழைய ரேஷன் கார்டுக்கு அடியில கிடந்துச்சு. போன மாசம் அண்ணனும் நானும் லோக்கல் பிடிச்சு சென்ட்ரல் போய், ரிச்சி ஸ்ட்ரீட்டைச் சல்லடை போட்டு, செகண்ட் ஹேண்ட்ல ஒரு பி.எஸ் 2-வும் சான் ஆண்ட்ரியாஸ் டிஸ்க்கும் தேத்திட்டோம். வீட்டு எல்.இ.டி. டி.வி.யில மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர் சொருக ஓட்டையே இல்லை. பரண்லேர்ந்து டப்பா டி.வி.யை இறக்கினோம். பெரியம்மா திட்டினதை இங்கே எழுத முடியாது.

ஆன் பண்ணோம். கார்டு உயிரோட இருக்கு! எட்டு ஸ்லாட்டும் நிறைஞ்சிருக்கு. அஞ்சாவதைத் திறந்தா, சரியா ரயிலுக்கு முன்னாடி நிக்குது.

"ரயிலை ஒட்டிப் போகாதேண்ணா. கொஞ்சம் தள்ளி, வலது பக்கமா ஓட்டினாதான் அந்த ஆளுக்குக் குறி கிடைக்கும். யூடியூப்ல பார்த்தேன்."

"நீ சும்மா இருடா."

முதல் தடவை ரயில் போயிடுச்சு. ரெண்டாவது தடவையும். மூணாவது தடவை, ஒண்ணும் பேசாம, பைக்கைக் கொஞ்சம் வலது பக்கம் ஒதுக்கினார். நாலு பேரும் காலி!

நைட் ஷிஃப்ட்டுக்கு இன்னும் இருபது நிமிஷம்தான். ஷூ லேஸைக் கட்டிக்கிட்டே ரிமோட்டை என்கிட்ட நீட்டினார்.

"வீட்டுக்கு ஓட்டிட்டுப் போய் சேவ் பண்ணிடு. அஞ்சுலயே போடு. மத்த ஏழுல கை வெச்சுடாதே... பசங்க திட்டுவாங்க."