அப்பாவின் காது பொய் சொல்லவில்லை

“பாட்டு முன்ன மாதிரி இல்ல தம்பி. தபேலா சத்தமே கேக்கல.”

இரண்டு ஆண்டுகளாக அப்பா இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு வயது எழுபத்து மூன்று. காது மந்தமாகிவிட்டது என்று நாங்களே முடிவு கட்டி, சத்தத்தைக் கூட்டி வைத்தோம். “இரைச்சல்தான் கூடுது” என்றார். பிறகு பாட்டுக் கேட்பதையே விட்டுவிட்டார். சனிக்கிழமை காலையில் ஒலி 96.8 இல்லாமல் தோசை சாப்பிடாத மனிதர், கூடத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

அந்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் 2001ல் அவர் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தபோது போனஸ் பணத்தில் வாங்கியவை. சென்ற தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது, “இதைத் தூக்கிப் போட்டுட்டு சவுண்ட்பார் வாங்கலாமே” என்றார் என் மனைவி. நானும் தலையாட்டினேன். தூசி தட்டுவதற்காகப் பெட்டியின் முன்துணியைக் கழற்றினேன். வூஃபரின் விளிம்பில் விரல் பட்டதும் அது பிசுபிசுத்த பொடியாக உதிர்ந்தது.

வூஃபர் என்பது தாழ்ந்த ஒலிகளைத் தரும் பெரிய கூம்பு. அது முன்னும் பின்னும் அசைந்தால்தான் தபேலாவின் ‘தும்’ பிறக்கும். அப்படி அசைய விட்டு, அதே சமயம் நடுவில் பிடித்து வைப்பது விளிம்பில் இருக்கும் ஃபோம் வளையம். நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்த ஃபோம், பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும், காலப்போக்கில் மக்கிவிடும். வளையம் கிழிந்தால் காற்று கசியும், அடி ஒலி போய்விடும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதுமையில் பொதுவாக முதலில் குறைவது கீச்சென்ற உச்ச ஒலிகளைக் கேட்கும் திறன். அப்பா குறை சொன்னதோ அடி ஒலியை. கோளாறு பெட்டியில் இருந்தது. பழியை அவர் காது மேல் போட்டிருந்தோம்.

கூம்பின் அளவை அளந்து, இணையத்தில் மாற்று வளையம் வாங்கினேன். பழைய ஃபோமையும் பசையையும் பொறுமையாகச் சுரண்டி எடுப்பதற்கே ஒரு மாலை ஆனது. புதியதை ஒட்டும்போது கூம்பு சரியாக நடுவில் இருக்க வேண்டும். விரல்களால் மெல்ல அழுத்தினால் உரசும் சத்தம் வரக்கூடாது. ஒரு நாள் முழுக்கக் காய விட்டேன்.

பெட்டியைத் திறந்ததோடு, உள்ளே இருந்த சிறிய சர்க்கியூட் பலகையையும் பார்த்தேன். உச்ச ஒலியை ட்வீட்டருக்கும் அடி ஒலியை வூஃபருக்கும் பிரித்து அனுப்புவது அதுதான். அதிலுள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் ஆண்டுகள் செல்லச் செல்ல உலர்ந்து, அளவு மாறிவிடும். சிம் லிம் டவரில் ஏறி இறங்கி, அதே மைக்ரோஃபாரட் அளவில் பாலிப்ரொப்பிலீன் வகை வாங்கினேன். வோல்ட் அளவு பழையதைவிடக் குறையக்கூடாது. சோல்டர் செய்து மாட்டினேன். எல்லாம் சேர்த்துச் செலவு அறுபது வெள்ளிக்குள்தான்.

பெருமையோடு அப்பாவைக் கூப்பிட்டுப் பாட்டைப் போட்டேன். எனக்கு அருமையாகக் கேட்டது. அவர் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“பாடுறவர் எங்க நிக்கிறாருன்னே தெரியல தம்பி. ரெண்டு பக்கமும் இழுக்குது.”

மறுபடியும் வயதா என்று தோன்றியது. ஆனாலும் இந்த முறை பெட்டியின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். வலது ஸ்பீக்கரின் சிவப்பு, கறுப்பு வயர்களை மாற்றிச் செருகியிருந்தேன். அப்படிச் செய்தால் ஒரு கூம்பு முன்னால் வரும்போது மற்றது பின்னால் போகும். அடி ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், பாடகரின் குரல் நடுவில் நிற்காது. எனக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

வயரைச் சரிசெய்தேன். தபேலா வந்தது. அப்பாவின் விரல்கள் நாற்காலிக் கைப்பிடியில் தாளம் போட ஆரம்பித்தன.

நீங்களும் முயலலாம். முதலில் செலவில்லாத வேலை: பெட்டிகளைச் சுவர் மூலையிலிருந்து நகர்த்துங்கள், ட்வீட்டரை உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்துக்குக் கொண்டுவாருங்கள், வெறும் டைல்ஸ் தரையில் ஒரு கம்பளம் விரியுங்கள். நம் வீவக வீடுகளின் கூடத்தில் இதுவே பெரிய வித்தியாசம் தரும். ஸ்பீக்கரை ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றிவிட்டால் அதைத் திறப்பதில் மின்சார ஆபத்து இல்லை. ஆம்ப்ளிஃபையரை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதிலுள்ள பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தேங்கியிருக்கும். அது தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை.

பிறகு அப்பாவைக் காது பரிசோதனைக்கும் அழைத்துப் போனேன். உச்ச ஒலிகளில் வயதுக்கேற்ற குறை இருக்கிறது, மற்றபடி நன்றாகக் கேட்கிறது என்றார்கள். அந்தப் பரிசோதனையை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்க வேண்டும். அவர் சொன்னதை நம்பியிருந்தால் பெட்டியையும் அப்போதே திறந்திருப்பேன்.

இப்போது சனிக்கிழமை காலையில் வீட்டில் மறுபடியும் பாட்டுக் கேட்கிறது. போன வாரம் தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: “அந்த வலது பெட்டியைக் கொஞ்சம் உள்பக்கமா திருப்பு தம்பி.”

மறுபேச்சில்லாமல் திருப்பினேன்.