சரிவில் செல்லும் பாரவண்டிகள் கவிழாதிருக்கும் வழி

செஞ்சியைச் சூழ்ந்து ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகள் நிற்பதை நமது அங்கத்தினர்கள் அனைவரும் அறிவர். இப்பக்கத்து மலையடிவார நிலங்களிலும் ஏரிக்கரைகளிலும் வண்டிப்பாதை பல இடங்களில் ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் இருக்கும். அறுவடைக் காலத்தில் நெல்லும் மணிலாவும் வைக்கோலும் உயர ஏற்றிய லாரிகளும் டிராக்டர் டிரெய்லர்களும் இவ்வழியே செல்ல நேரிடுகிறது. வண்டி கவிழ்ந்தால் நஷ்டம் சரக்கோடு முடிவதில்லை. உயிர்ச்சேதம் நேரலாம், வண்டிக்காக வாங்கிய கடனின் தவணையும் நில்லாது. ஆகையால் வண்டி கவிழும் காரணத்தை அறிந்திருத்தல் அவசியம்.

வண்டியும் சரக்கும் சேர்ந்த கனம் முழுவதும் ஓரிடத்தில் கூடி நிற்பதாகக் கொள்ளலாம். அவ்விடத்திற்குப் பாரமையம் என்று பெயர். அங்கிருந்து கொத்தரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால், அது இருபக்கச் சக்கரங்களுக்கும் இடையே விழும் வரையில் வண்டி நிற்கும்; பள்ளப்பக்கச் சக்கரத்தைத் தாண்டி விழுமாயின் கவிழும்.

உதாரணமாக, சக்கரங்களின் இடைவெளி 5 அடி என்றும், பாரமையம் தரைக்கு மேல் 5 அடி என்றும் கொள்வோம். 5 அடிக்கு 30 அங்குலம் தாழும் சரிவில் அவ்வண்டி கவிழும். சரக்கை மேலும் உயர்த்தியதால் பாரமையம் ஏழரை அடியானால், 20 அங்குலச் சரிவே போதும். மேட்டுச் சக்கரம் 6 அங்குலக் கல்லில் ஏறி, பள்ளச் சக்கரம் 6 அங்குலக் குழியில் இறங்கினால், ஏறக்குறைய 12 அங்குலம் கூடிவிடும். வில்லும் டயரும் பள்ளப்பக்கம் அமுங்குவதால் அபாயம் இன்னும் முந்தும். ஆதலால் கணக்கிட்ட அளவில் பாதியைக்கூட எட்டாதிருப்பதே விவேகம்.

சரிவை அளக்க 5 அடிக் கழி ஒன்றும், பாதி நீர் நிறைத்த புட்டி ஒன்றும் போதும். கழியின் ஒரு முனையை மேட்டில் வைத்து, அதன்மேல் புட்டியைப் படுக்கவைத்து மட்டம் பார்த்து, மறுமுனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளக்கவும்.

அனுசரிக்க வேண்டிய முறைகள்:

1. கனத்த மூட்டைகளை அடியில் பரப்பி, சரக்கு நகராதபடி கயிற்றால் இறுகக் கட்டவேண்டும்.

2. சரிவுக்குக் குறுக்கே செல்லாமல் நேராக ஏறி நேராக இறங்கவேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் டிராக்டரின் முன்சக்கரங்கள் எழும்பக்கூடுமாதலால் பாரத்தைக் குறைத்துக்கொள்ளவேண்டும்.

3. ஏரிக்கரையில் விளிம்பை விட்டு நடுவே செல்லவேண்டும். மழைக்குப்பின் விளிம்பு மண் இளகியிருக்கும்.

4. திருப்பத்தில் வேகம் இருமடங்கானால் வெளிப்புறம் தள்ளும் விசை நான்கு மடங்காகும். திறந்த சரிவில் வண்டி சாயத் தொடங்கினால் மேட்டுப்பக்கம் திருப்பலாகாது. அவ்விசை பள்ளத்தை நோக்கியே தள்ளும். மெதுவாகப் பள்ளப்பக்கமே திருப்பவேண்டும்.

5. சரக்கின்மேல் ஆட்கள் ஏறலாகாது. பள்ளப்பக்கத்தில் ஒருவரும் நடந்து வரலாகாது.

சுவீடன் தேசத்தில் 1959-ஆம் வருஷம் முதல் புதிய டிராக்டர்களில் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம் பொருத்துவது கட்டாயமாக்கப்பட்டது. அதன்பின் கவிழ்ந்து மாண்டோர் தொகை வெகுவாகக் குறைந்தது. டிராக்டர் வாங்கும் அங்கத்தினர்கள் அத்தகைய சட்டம் உள்ளதைக் கேட்டு வாங்குவதும், ஓட்டுநர் இருக்கைவாரை அணிவதும் நலம்.

சங்கத்தின் மூலம் வாடகைக்கு விடும் வண்டிகளுக்கு இவ்விதிகளை நிர்வாகக் கமிட்டியார் தீர்மானமாக நிறைவேற்றி ஓட்டுநருக்கு வாசித்துக் காட்டலாம். ஒரே நடையில் ஏற்றுவதை இரண்டு நடையாக்கினால் மிகுவது கொஞ்சம் எண்ணெய்ச் செலவே. அதனால் காக்கப்படுவது ஒரு குடும்பத்தின் வாழ்வு.