நாசிக்: திராட்சைத் தோட்டங்களும் பௌத்தக் குன்றும்

மகாராஷ்டிர மாநிலத்தில், கோதாவரி பிறக்கும் திரியம்பகத்துக்குக் கிழக்கே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள நாசிக், இந்தியாவின் ஒயின் தலைநகரம் என்று இன்று அழைக்கப்படுகிறது. அதே ஊரின் தெற்கே, மும்பைக்குச் செல்லும் பெருவழியை ஒட்டி எழும் கருங்கற்குன்றில், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் பௌத்தத் துறவியருக்காகக் குடையப்பட்ட இருபதுக்கும் மேற்பட்ட குகைகள் வரிசையாக நிற்கின்றன. மேற்கிலுள்ள திராட்சைத் தோட்டங்களுக்கும் தெற்கிலுள்ள இக்குன்றுக்கும் இடைப்பட்ட தொலைவு இருபது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுவதால், மிதிவண்டியில் வருவோர் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட முடிகிறது.

மலேசியாவின் ஜோகூரிலுள்ள பாசிர் கூடாங்கிலிருந்து செல்லும் பயணிக்கு நாசிக்கின் ஒரு பகுதி புதிதாகத் தோன்றாது. தோட்டங்களுக்கும் குன்றுக்கும் நடுவிலுள்ள சாத்பூர், அம்பட் தொழிற்பேட்டைகளில் சரக்கு லாரிகளுக்கு ஒதுங்கிச் செல்வது, பாசிர் கூடாங் துறைமுகச் சாலையில் சைக்கிள் ஓட்டிப் பழகியவருக்குக் கைவந்த கலையே. நிலமும் மழையும்தான் வேறு. ஆண்டு முழுவதும் மழை பெய்யும் ஜோகூரில் செம்பனை தழைக்கிறது. திராட்சைக்கோ காய்த்துக் கனியும் காலத்தில் வறண்ட காற்றும் குளிர்ந்த இரவுகளும் வேண்டும். சூனில் தொடங்கும் பருவமழை செப்டம்பரோடு ஓய்ந்தபின், அடுத்த சூன் வரை மழை அரிதாகிவிடும் நாசிக்கில் இவ்விரண்டும் கிடைக்கின்றன. ஐரோப்பாவில் பனிக்காலம் கொடிக்கு ஓய்வு தருகிறது. இங்கு அவ்வேலையை உழவரின் கத்தி செய்கிறது. அறுவடை முடிந்து ஏப்ரலில் ஒருமுறை கொடியை வெட்டி அடுத்த பருவத்துக்கான கிளைகளை வளர்த்தெடுக்கும் அவர்கள், மழை விட்டதும் செப்டம்பர், அக்டோபரில் மறுமுறை வெட்டிக் காய்க்கச் செய்கிறார்கள்; பழம் சனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையே அறுவடையாகிறது.

நாசிக்கில் திராட்சை பழைய பயிர்தான் என்றாலும், அதில் பெரும்பகுதி தமிழ்நாட்டுக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையைப் போல உண்பதற்கே விளைந்தது. அமெரிக்காவில் பொறியியல் படித்து அங்கேயே வேலையும் பார்த்துவிட்டுத் திரும்பிய ராஜீவ் சாமந்த், 1990-களின் பிற்பகுதியில் கங்காபூர் அணைக்கு அருகே குடும்ப நிலத்தில் சோவிஞோன் பிளாங்க், செனின் பிளாங்க் ஆகிய ஒயின் வகைக் கொடிகளை நட்டதிலிருந்து நிலைமை மாறத் தொடங்கியது. அவர் நிறுவிய சுலா நிறுவனத்தின் முதல் ஆலை 2000-இல் இயங்கத் தொடங்கியது. 2001-இல் மாநில அரசு திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கெனத் தனிக் கொள்கையை வகுத்துச் சலுகைகள் அளித்தபின், நாசிக்கைச் சுற்றிப் பல ஆலைகள் தோன்றின. சுலாவின் தோட்டம் அமைந்துள்ள சிற்றூரின் பெயர் கோவர்தன். ஒயின் சுவைக்க வருவோரில் பெரும்பாலோர் அப்பெயரைக் கவனிப்பதில்லை. குன்றின் கல்வெட்டுகளைப் படித்தவர்களால் அதைக் கவனியாமல் கடக்க முடியாது.

அக்குன்றைக் கல்வெட்டுகள் திரிரஷ்மி என்ற பெயரால் குறிக்கின்றன. ஊர்மக்கள் வழங்கும் பெயர் பாண்டவலேணி, அதாவது பாண்டவர் குகைகள். தமிழ்நாட்டில் சமணத் துறவியரின் கற்படுக்கைகள் பஞ்சபாண்டவர் படுக்கை ஆனதைப் போல, இங்கும் உரியவர் மறைந்தபின் இடம் பாண்டவர் பெயருக்கு மாறிவிட்டது. படிகள் ஏறிச் சென்றால் தென்படுபவை இருவகைக் குடைவுகள்: வழிபாட்டுத் தூபியைக் கொண்ட சைத்தியம் ஒன்று, நடுவில் கூடமும் சுற்றிலும் கல்படுக்கையுள்ள சிற்றறைகளுமாக அமைந்த விகாரங்கள், அதாவது துறவியரின் உறைவிடங்கள், பல. ஆயினும் இக்குன்றின் உண்மையான செல்வம் சிற்பத்தில் இல்லை; சுவர்களில் பிராகிருத மொழியில், பிராமி எழுத்தில் வெட்டப்பட்ட கணக்குகளில் இருக்கிறது.

மேற்கிந்தியாவை ஆண்ட சகர் குலத்து நகபாணனின் மருமகன் உஷவதாதன் பத்தாம் எண் குகையில் வெட்டுவித்த கல்வெட்டு, ஓர் அறக்கட்டளைப் பத்திரத்தைப் போலவே அமைந்துள்ளது. அவன் 3000 கார்ஷாபணங்களை, அதாவது வெள்ளிக்காசுகளை, கோவர்த்தனத்தில் வாழ்ந்த நெசவாளர்களின் இரு சங்கங்களில் முதலாக இட்டான். 2000 காசு ஒரு சங்கத்தில் மாதம் நூற்றுக்கு ஒன்று வட்டிக்கும், 1000 காசு மற்றொரு சங்கத்தில் மாதம் நூற்றுக்கு முக்கால் வட்டிக்கும் விடப்பட்டன. முதலை எக்காலத்தும் தொடக்கூடாது. வட்டி மட்டுமே செலவாக வேண்டும். முதல் சங்கம் தரும் வட்டியிலிருந்து, குகையில் மழைக்காலத்தைக் கழிக்கும் இருபது துறவியர்க்கு ஆளுக்குப் பன்னிரண்டு காசு அங்கிச் செலவுக்கு வழங்கப்பட்டது. 2000 காசுக்கு ஆண்டு வட்டி 240. இருபது பேருக்குப் பன்னிரண்டு வீதம் பகிர்ந்தாலும் 240. ஒரு காசு மிஞ்சவுமில்லை, குறையவுமில்லை. இந்த ஏற்பாடு ஊரவையில் அறிவிக்கப்பட்டுப் பதிவும் செய்யப்பட்டது என்று கல்வெட்டே கூறுகிறது. துறவியரின் உணவுக்காக 4000 காசு கொடுத்து ஒரு பிராமணரிடமிருந்து வயல் வாங்கி அளிக்கப்பட்ட செய்தியும் அங்கே உண்டு. சாவா மூவாப் பேராடுகளை ஒப்படைத்து நந்தா விளக்கு எரித்த சோழநாட்டு வழக்கத்தை அறிந்தவர்க்கு இந்த முறை எளிதில் விளங்கும்.

அந்தக் கோவர்த்தனமே இன்றைய கோவர்தன் என்று அறிஞர் கொள்வர். அங்கிருந்து குன்றுவரை மிதிவண்டியில் சென்று பார்ப்பவர், நாள்தோறும் பிச்சைக்கு நடந்துவர இது இயலாத தொலைவு என்பதையும், ஆண்டுக்கொரு முறை கைமாறும் பணத்துக்கோ இது ஒரு தொலைவே அல்ல என்பதையும் உடலாலேயே உணர்கிறார். உலகைத் துறந்தோர் ஒதுங்கிய காட்டு மறைவிடமாக இக்குன்றைக் கற்பனை செய்வது பிழையாகும். கடற்கரைத் துறையான சோபாராவிலிருந்து மலைத்தொடரைக் கடந்து தக்காணத்துக்குள் செல்லும் வணிகப் பாதையில் அமைந்த இவ்விடத்துக்கு, நாசிக் ஊராரும் யவனர் ஒருவரும் கொடையளித்திருக்கிறார்கள். பதினேழாம் எண் குகையைக் குடைவித்த இந்திராக்கினிதத்தன் தன்னை வடநாட்டு யவனன் என்றே குறித்துக்கொள்கிறான். அக்காலத்தில் ஒயின் எதிர்த்திசையில் பயணம் செய்தது: இத்தாலிய ஒயின் மேற்குக் கரையின் பருகச்சத் துறைமுகத்தில் இறங்கியதை ஒரு கிரேக்கக் கடல்வழி நூல் பதிவு செய்திருக்கிறது, அரிக்கமேட்டில் அதன் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன, புறநானூற்றில் பாண்டியன் அருந்துவதும் யவனர் கொண்டுவந்த மதுவே.

நகபாணனை வென்ற சாதவாகன மன்னன் கௌதமிபுத்திர சாதகர்ணியின் ஆணைகள் மூன்றாம் எண் குகையில் உள்ளன. உஷவதாதன் வசமிருந்த 200 நிவர்த்தன நிலத்தைத் தன் 18-ஆம் ஆட்சியாண்டில் துறவியர்க்கு அளித்த அவன், அந்நிலம் உழப்படாமலும் ஊர் குடியில்லாமலும் கிடப்பதை அறிந்து, 24-ஆம் ஆண்டில் நகர எல்லையில் அரசநிலம் 100 நிவர்த்தனம் மாற்றித் தந்தான். தானம் கல்லில் பொறிக்கப்பட்டால் போதாது, உழவும் நடக்க வேண்டும் என்பதை நிர்வாகம் ஆறே ஆண்டுகளில் கண்டுகொண்டிருக்கிறது. கடாரத்து வேந்தன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஏறத்தாழ 1006-இல் ஆனைமங்கலத்தின் வருவாயை அளித்ததும் இதே வழிமுறைதான். கடாரம் இன்றைய கெடா என்பதால், மலேசியத் தமிழர்க்கு அந்த வரலாறு இன்னும் நெருக்கமானது.

இக்குன்று வெறும் தொல்லியல் சின்னமாக நின்றுவிடவில்லை. 1930-இல் நாசிக்கின் காளாராம் கோயில் நுழைவுப் போராட்டத்தை நடத்திய அம்பேத்கர், 1935 அக்டோபரில் இம்மாவட்டத்து யேவலாவில்தான் இந்துவாக இறக்கப்போவதில்லை என்று அறிவித்தார். 1956-இல் நாகபுரியில் பௌத்தம் தழுவினார். குன்றின் அடிவாரத்தில் பிற்காலத்தில் எழுந்த குவிமாட விகாரத்துக்கு இன்று வழிபட வருவோரில் பலர், அவர் வழியில் பௌத்தரான குடும்பத்தினர். மது தவிர்த்தலை ஐந்தாவது ஒழுக்கமாகக் கொண்ட சமயத்தின் புனித இடமும் ஒயின் சுற்றுலாவும் ஒரே விளம்பரத் தாளில் இடம்பெறுவது அவர்களுக்கு உவப்பாக இருக்குமா என்று சுற்றுலாத் துறையினர் எண்ணிப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

மிதிவண்டிக்கு நாசிக்கில் தனி மதிப்பு உண்டு. இவ்வூர் மருத்துவர்களான ஹிதேந்திர மகாஜன், மகேந்திர மகாஜன் சகோதரர்கள் 2015-இல் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் ஏறத்தாழ 4800 கிலோமீட்டர்ப் போட்டியை இருவர் அணியாக நிறைவு செய்தவர்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களே பயணத்துக்கு ஏற்றவை. காலைக் குளிர் பாசிர் கூடாங்வாசியை நடுங்க வைக்கும் என்பதால் மேலங்கி தேவை. பெருவழியில் போக்குவரத்து மிகுமுன் விடியலிலேயே குகைகளுக்குச் சென்றுவிட்டு, நண்பகலுக்குப்பின் கங்காபூர்ச் சாலை வழியாகத் தோட்டங்களை அடைவது நல்லது; வரிசையை மாற்றி, ஒயின் சுவைத்தபின் லாரிகளுக்கிடையே மிதிப்பது ஐந்தாவது ஒழுக்கத்தை ஏற்காதவருக்கும் ஆபத்தானதே.